மடிப்பாக்கம் மாடியில் ஒரு ஃப்ரண்ட் லோட் மெஷின்

2023 டிசம்பர் 4ஆம் தேதி காலையில் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டி நின்றது. மடிப்பாக்கத்தில் அவர்கள் தெருவுக்கு இது புதிதல்ல. 2015இலும் தண்ணீர் வந்தது, ஆனால் அப்போது வாஷிங் மெஷின் இரண்டு செங்கல் மேல் இருந்ததால் தப்பித்தது. மிக்ஜாம் புயல் அந்தச் செங்கலையெல்லாம் மதிக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால் டிரம்முக்குள் சேறு, ஒரு செத்த தவளை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து போர்டு, மோட்டார், பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்.

"இனிமே கீழ வேண்டவே வேண்டாம்டா. மாடியில வச்சுக்கறேன். எதை வாங்கறதுன்னு மட்டும் நீ சொல்லு" என்றாள் அக்கா.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூரில் மோட்டார், ஃபேன் ரோட்டார்களை பேலன்ஸ் செய்கிற பட்டறையில் 18 வருஷமாக வேலை செய்கிறேன். சுற்றுகிற எதையும் பற்றி என்னைக் கேட்கலாம் என்பது குடும்பத்தில் எழுதாத சட்டம். எந்த மெஷின் என்பதுதான் கேள்வி என்று நானும் நினைத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கடைசியில் மெஷினைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணி நேரத்துக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆனது.

இடம்

மெஷின் வைக்கப் போகிற இடம் முதல் மாடியின் பின்பக்கம், ஐந்தடிக்கு எட்டடி. வீடு கட்டியபோது அது வானம் பார்த்த மொட்டை மாடித் துண்டு. பிறகு மூன்று பக்கம் சுவர் எழுப்பி மேலே ஷீட் போட்டு, துணி காயப்போட, பழைய பேப்பர் அடுக்க என்று ஓர் அறையாகிவிட்டது. நேர் கீழே அத்தையின் படுக்கையறை. அக்காவின் மாமியாருக்கு 76 வயது, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: மேலே மெஷின் சுற்றினால் கீழே கட்டில் ஆடுமா?

மாமா டாப் லோட் கட்சி. கனம் குறைவு, குனிய வேண்டாம், விலையும் கம்மி என்றார். மூன்றுமே நியாயம்தான். ஆனால் அக்கா 2019 கோடையை மறக்கத் தயாராக இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்த அந்த ஜூன் மாதம், லாரித் தண்ணீருக்காக ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து கேட்டருகே நின்றவள் அவள்தான். ஃப்ரண்ட் லோட் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 50 முதல் 70 லிட்டரில் முடித்துவிடும், டாப் லோட் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும். இதைக் கேட்டதும் விவாதம் முடிந்தது. மாமா மட்டும் "அப்ப குனியறது யாரு?" என்று ஒருமுறை முனகினார்.

சரி, அதிர்வு. இது என் தொழில் என்பதால் கணக்குப் போட்டே காட்டினேன். ஈரத் துணி டிரம்மில் ஒரு பக்கமாக அரை கிலோ அதிகமாக ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மின் ஆரம் சுமார் 24 செ.மீ. நிமிஷத்துக்கு 800 சுற்றில் அந்த அரை கிலோ டிரம்மை இழுக்கிற விசை 85 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1200இல் 190 கிலோவைத் தாண்டும். 1400இல் 260. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் விசை இரண்டே கால் மடங்கு ஏறும், அதுதான் இதில் வம்பு. ஆனால் இந்த இழுப்பு அப்படியே தரைக்கு இறங்காது. டிரம்மும் தொட்டியும் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன, கீழே ஆட்டத்தை அடக்குகிற டாம்பர் தாங்குகிறது, தொட்டியோடு கான்கிரீட் கட்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். துணி ரொம்பவும் ஒரு பக்கம் குவிந்தால் மெஷினே தெரிந்துகொண்டு, துணியைப் பிழிகிற ஸ்பின்னுக்குப் போகாமல் திரும்பத் திரும்பப் புரட்டும்.

இங்கேதான் வீட்டில் ஒரு தலைகீழ் வாதம் நடந்தது. மாடி என்பதால் கனம் குறைந்த மெஷினாகப் பார் என்றார் மாமா. நான் அதற்கு நேர் எதிர். ஒரே கொள்ளளவில் 58 கிலோ மெஷினும் 71 கிலோ மெஷினும் இருந்தால் மாடிக்கு 71தான் நல்லது, ஏனென்றால் அந்தக் கூடுதல் கனத்தில் பெரும்பகுதி எதிர் எடைதான், எதிர் எடை கூடக் கூட தொட்டி ஆடுகிற தூரம் குறையும். தளம் தாங்குமா என்று பயப்படுகிறவர்கள் தலைக்கு மேலே பார்க்கலாம்: அதே வீட்டின் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன் தண்ணீரோடு வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. துணியும் தண்ணீருமாக மெஷின் நூறு கிலோவைச் சுற்றித்தான் வரும். அக்காவின் பட்டுப்புடவை பீரோ அதைவிடக் கனம்.

மாடியில் மெஷின் வைப்பதைப் பற்றி நெட்டில் படித்துவிட்டு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதியது. அங்கே மாடித் தளம் மர உத்தரத்தின் மேல் பலகை அடித்தது, அது துள்ளும். நம் வீடுகளில் ஐந்து அங்குல கான்கிரீட். அது துள்ளாது. எனக்கு கான்கிரீட்டைப் பற்றிக் கவலையே இல்லை. அதன் மேல் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் கவலை.

தட்டோடு

அந்த இடம் ஒரு காலத்தில் மொட்டை மாடி என்று சொன்னேன் அல்லவா? நம் ஊர் மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்திருப்பார்கள். வெயில், மழைக்கு அருமையான ஏற்பாடு. சுற்றுகிற மெஷினுக்கு அல்ல. சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனேன். சில இடத்தில் "டக்", சில இடத்தில் "டொப்". டொப் என்றால் அடியில் காற்று. மெஷின் வைக்க நினைத்த மூலையில் மட்டும் ஒன்பது ஓடு டொப். போதாததற்கு, மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று வாட்டம் வேறு கொடுத்திருந்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மெஷினின் 60 செ.மீ. அகலத்துக்குள்ளேயே எட்டு மில்லிமீட்டர் இறக்கம்.

மெஷினின் காலைத் திருகி உயர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். திருகலாம்தான், ஆனால் ஒரு பக்கக் கால் எட்டு மில்லிமீட்டர் வெளியே நீண்டு நின்றால் அந்தப் பக்கம் கொக்கு மாதிரிதான் நிற்கும், அதிலும் அடியில் ஆடுகிற ஓடு. கொத்தனாரை வரவழைத்து, ஓடுகளைப் பெயர்த்து, அடியில் உதிர்ந்துபோன சுண்ணாம்புக் கலவையைச் சுரண்டி எடுத்து, நீர்க்காப்புக் கலவை பூசி, 75க்கு 75 செ.மீ.யில் மூன்று அங்குல கான்கிரீட் மேடை போட்டோம். அறையின் நடுவில் போடவில்லை, கீழே சுவர் வருகிற மூலையில். தளத்தின் நடுப்பகுதியைவிட சுவருக்கு மேல் இருக்கிற பகுதி ஆடுவது குறைவு. மேடை காய பத்து நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றியது அத்தையின் பேரன், நாளொன்றுக்குப் பத்து ரூபாய் கூலிக்கு.

கடைகளில் விற்கிற சக்கரம் வைத்த ஸ்டாண்டைப் பற்றி ஒரு வரி: மாடிக்கு வேண்டாம். கெட்டித் தரைக்கு ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்ற ரப்பர் பேடும் வேண்டாம், மெஷின் அதன் மேல் தொட்டில் மாதிரி ஆடும்.

தண்ணீர்

எல்லோரும் அதிர்வையே பேசிக்கொண்டிருந்தோம். யாரும் யோசிக்காதது தண்ணீர் அழுத்தம். மாடிக்கு மெஷினைக் கொண்டுபோகும்போது டேங்குக்கு அருகில் போகிறோம், அருகில் போகப் போக அழுத்தம் குறையும். கீழ் வீட்டில் பத்தடி கூடுதல் உயரம் கிடைத்தது, இங்கே அது கிடையாது.

மெஷின்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் குறைந்தபட்ச தண்ணீர் அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். அது பார் என்கிற அலகில் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும், 0.3 பாரில் வேலை செய்கிறவை உண்டு, 1 பார் கேட்கிறவையும் உண்டு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். அக்கா வீட்டில் டேங்கின் அடிப்பாகம் மொட்டை மாடியிலிருந்து ஓரடி உயரத்தில். அங்கிருந்து மெஷினின் பின்பக்கம் குழாய் மாட்டுகிற இடம் வரை அளந்தால் எட்டே முக்கால் அடி, அதாவது 2.67 மீட்டர். டேங்க் காலியாகிற நேரத்தில் 0.26 பார். 0.3 கேட்கிற மாடலுக்கே போதாது!

கணக்கை நம்ப வேண்டாம் என்று பட்டறையிலிருந்து ஒரு சின்ன பிரஷர் கேஜை எடுத்துப்போய்க் குழாயில் மாட்டினேன். பாதி டேங்க் தண்ணீரில் முள் 0.3இல் நின்றது. மாமாவைக் கூப்பிட்டு மாடி பாத்ரூமில் குழாயைத் திறக்கச் சொன்னேன். முள் மெதுவாகச் சாய்ந்து 0.1க்கு வந்து உட்கார்ந்தது. பத்து லிட்டர் பக்கெட் நிறைய மூன்று நிமிஷத்துக்கும் மேலாயிற்று. வீடு கட்டிய காலத்து அரை அங்குல இரும்புக் குழாய், உள்ளே துரு ஏறி பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்திருக்கும். இந்த நிலைமையில் மெஷின் வாங்கியிருந்தால், மாமா குளிக்கப் போகிற ஒவ்வொரு நாளும் அது தண்ணீர் வரவில்லை என்று பிழைக் குறி காட்டி நின்றிருக்கும், நாமும் மெஷின் சரியில்லை என்று சர்வீஸ் சென்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். இன்னொன்று, மெஷினுக்குள் இருக்கிற வால்வு திறந்து மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் உதவ வேண்டும். ரொம்பக் குறைந்தால் அது சரியாக மூடாமல் ஒழுகவும் செய்யும்.

டேங்கிலிருந்து மெஷினுக்கென்று தனியாக முக்கால் அங்குல சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் இழுத்தோம். நடுவில் ஒரு சின்ன பிரஷர் பம்ப், 4,500 ரூபாய், தண்ணீர் ஓட ஆரம்பித்தால் தானே ஆன் ஆகிற வகை. பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி. பிளம்பர் பம்பை மெஷினுக்கு மேல் சுவரிலேயே மாட்டப் பார்த்தார். "அண்ணே, மொட்டை மாடியில வையுங்க, கீழ தூங்கறாங்க" என்றேன். "சார், மெஷின் சத்தத்துல பம்பு சத்தம் எங்க கேக்கும்?" என்றார். கடைசியில் மொட்டை மாடிக்குத்தான் போனது.

தண்ணீரின் தரம் இன்னொரு கதை. போர் தண்ணீரைச் சோதனைக் கிட்டில் சொட்டு எண்ணிப் பார்த்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் பக்கம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. ஃப்ரண்ட் லோடில் ஹீட்டர் உண்டு, இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் வெள்ளைப் படிவு ஹீட்டரிலேயே படியும். ஆகவே 40 டிகிரிக்கு மேல் போவதில்லை என்று முடிவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணியில்லாமல் படிவு நீக்கும் பவுடர் போட்டு ஓட்ட வேண்டும். மென்னீர் சாதனம் எல்லாம் இந்த வீட்டுக்கு ஓவர்.

சோப்புத் தண்ணீர் போகிற வழி

அந்த அறையின் மூலையில் ஒரு துளை இருந்தது. பைப்பை அதில் சொருகினால் முடிந்தது வேலை என்று பிளம்பரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். அத்தைதான் படியில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அது மழைத்தண்ணி பைப்பாச்சே, தம்பி?"

இறங்கிப் போய்ப் பார்த்தால் உண்மை. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அந்தப் பைப்பைத் திருப்பி போர் பக்கத்துக் குழியில் விட்டிருந்தார்கள். துளையில் விட்டிருந்தால் துவைத்த சோப்புத் தண்ணீர் குழிக்குள் இறங்கி, அதையே நாம் மோட்டார் போட்டு மேலே ஏற்றித் திரும்பத் துவைத்திருப்போம். சுவரைக் குடைந்து பக்கத்து பாத்ரூம் கழிவுக் குழாயில் சேர்க்க 2,800 ரூபாய் ஆயிற்று. வெளியேற்றும் பைப்பின் முனையைத் தரையோடு போடாமல் இரண்டரை அடி உயரத்தில் நிறுத்திய ஒன்றரை அங்குலக் குழாயில் தொங்கவிட்டோம். தரையோடு போட்டால் சில நேரம் தண்ணீர் தானாகவே உறிஞ்சிப் போய்விடும், மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

மின்சாரம் சீக்கிரம் முடிந்தது. ஹீட்டர் மட்டும் 2,000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அங்கே இருந்தது மொபைல் சார்ஜ் போடுகிற 6 ஆம்பியர் பிளக். புது வயர், 16 ஆம்பியர் பவர் பிளக், எர்த்.

அந்த அரை மணி நேரம்

தி. நகரில் ஷோரூமுக்குப் போனபோது எங்கள் கையில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு இருந்தது. கையேட்டில் 0.3 பார் போட்டிருக்க வேண்டும், பம்ப் கெட்டுப்போன அன்றைக்கும் டேங்க் நிறைந்திருந்தால் ஓட வேண்டும் அல்லவா. கனம் 65 கிலோவுக்கு மேல். அகலம் 60, ஆழமும் 60க்குள், ஏனென்றால் மாடிப்படி திருப்பத்தில் கிரில் கேட்டின் இடைவெளி 70தான். ஸ்பின் வேகத்தை 800க்குக் குறைத்துக்கொள்கிற வசதி. மடிப்பாக்கத்துக்கு ஆள் அனுப்புகிற சர்வீஸ் சென்டர்.

விற்பனைப் பையன் 1400 சுற்று மெஷினையே காட்டிக்கொண்டிருந்தான். நான் 1200 போதும் என்றேன். அந்த இருநூறு சுற்றில் துணி கொஞ்சம் கூடுதலாக உலரும், விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். சித்திரை வெயிலில் வேட்டி ஒரு மணி நேரத்தில் காய்கிற ஊரில் எதற்கு? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டுமானால் ஆசைப்படலாம். மோட்டார் டிரம்மை நேராகவே சுற்றுகிற டைரக்ட் டிரைவா, பெல்ட்டா என்று மாமா கேட்டார். இரண்டும் ஓடும் மாமா, பெல்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். 8 கிலோ துணி கொள்ளளவு, 69 கிலோ எடை, 1200 சுற்று. பிராண்டைச் சொல்லவில்லை, சீட்டில் இருந்தது இரண்டு கம்பெனிக்குப் பொருந்தியது, ஒன்றை அக்கா நிறம் பார்த்து எடுத்தாள்.

டெலிவரி அன்று அட்டைப்பெட்டியோடு கிரில் கேட்டில் நுழையவில்லை. பெட்டியைப் பிரித்தார்கள், சரி. வந்தவர்களில் ஒருவர் ஸ்பேனரை எடுத்துப் பின்பக்க போல்ட்டுகளையும் அங்கேயே கழற்ற ஆரம்பித்தார். "அதைத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அந்த நான்கு நீள போல்ட்டுகள் பயணத்தின்போது டிரம் ஆடாமல் பிடித்து வைக்கின்றன. படியில் ஏற்றும்போது அவை உள்ளே இருக்க வேண்டும், மேடையில் வைத்த பிறகு நான்கும் வெளியே வர வேண்டும். முன்கூட்டியே கழற்றினால் தொட்டி அடிபடும், கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறையைச் சுற்றி வரும். நான்கையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம், என்றைக்காவது இடம் மாற்றினால் வேண்டும்.

மேடையில் வைத்து, ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்து, காலைச் சரிசெய்து, ஒவ்வொரு காலிலும் இருக்கிற நட்டை மேல்நோக்கி இறுக்கினேன். பலரும் அந்த நட்டை விட்டுவிடுகிறார்கள், பத்து சலவையில் கால் தானாகவே தளர்ந்துவிடும். மெஷின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்தோம். ஸ்பின் ஏறும்போது நடுவில் நாலைந்து நொடி தண்ணீர் குலுங்கியது, வேகம் பிடித்ததும் அடங்கி, மேற்பரப்பில் மெல்லிய வட்டங்கள் மட்டும். அந்த நேரம் பார்த்து அக்கா கீழே அத்தைக்கு போன் போட்டாள்.

"அத்தை, சத்தம் கேக்குதா?"

"உன் சத்தம்தான் கேக்குது. மெஷினை எப்பம்மா போடப் போற?"

அப்புறம்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்ற அன்று, அக்கா மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் இதுவரை ஒரு கோளாறும் இல்லை. ஒரே ஒரு நாள் நின்றது. அத்தை தன் பவானி ஜமக்காளத்தை யாரிடமும் சொல்லாமல் தனியாக உள்ளே போட்டுவிட்டார். ஈரமான ஜமக்காளம் ஒரே உருண்டையாகச் சுருண்டு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டது, மெஷின் இருபது நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று நின்றது. இரண்டு டவல் சேர்த்துப் போட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது இப்போது பழையபடி கீழே துவைக்கிற கல்லுக்கே போய்விட்டது.

வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறோம், ஒவ்வொரு முறையும் அரை ஸ்பூன் மண் வருகிறது. கதவு ரப்பரின் மடிப்பைத் துடைக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறது, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தால் பரவாயில்லை. பம்ப் பற்றி பிளம்பர் சொன்னது தப்பு. மொட்டை மாடியிலிருந்தும் அதன் முனகல் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்குகிறது, மெஷினைவிட அதுதான் கேட்கிறது. அடியில் ஒரு ரப்பர் தகடு வெட்டிப் போட வேண்டும். போன ஞாயிறே போட்டிருக்க வேண்டியது, அக்கா வீட்டில் வஞ்சிரம் குழம்பு, சாப்பிட்டுவிட்டு அத்தை அறையில் நானும் தூங்கிவிட்டேன்.